டார்கஸ் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தாள்

டார்கஸ் டாம்லின் ஒரு நாள் காலையில் வாளியோடு மேற்கு வாசலைத் திறந்து, ஒன்பது எட்டு வைத்து, குனிந்து முகந்தாள். வாளியில் வந்தது ஒரு செம்மறி ஆட்டின் தலை. உயிரோடுள்ள ஆடுதான். உடம்பு வெளியே நின்று உதைத்தது.

ஆறு அந்தப் பக்கம் இல்லை. அது அவளுக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. அறுபது ஆட்கள் இரண்டு வருஷமாக மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக ஆற்றை இடம் மாற்றியதை, அவள் வாசற்படியில் உட்கார்ந்து விலாங்கு மீன் பிடிக்கும் பறிக்கூடை முடைந்துகொண்டே பார்த்தவள்தான். புத்திக்குத் தெரியும். முப்பத்து நாலு வருஷமாகத் தண்ணீருக்கு நடந்த கால்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

எங்கள் வின்னோ ஆறு ஆதியிலிருந்து டார்கஸ் குடிசைக்கு மேற்கேதான் ஓடியது. ஆற்றுக்குக் கிழக்கே பென்ஃபீல்ட், மேற்கே டில்கம். கிழக்குக் கரையில் குடிசை. அதற்கும் கிழக்கே மேட்டின்மேல் சர் எவரார்டின் மாளிகை. புது ராஜா பட்டத்துக்கு வந்த சமயத்தில் துரைக்குத் தன் தோட்டம் பிடிக்காமல் போயிற்று. அப்பா காலத்து நேர்வரிசை மரங்களும், கத்தரித்த புதர்களும், சரளைக்கல் நடைபாதையும் பழைய மோஸ்தராகிவிட்டன. யாரும் கையே வைக்காத காடுமேடு மாதிரி இருந்தால்தான் இப்போது மதிப்பு. கை வைக்காதது மாதிரி செய்வதற்கு லாஸ்கம் என்றொருவரை லண்டனிலிருந்து வரவழைத்தார்கள். அவர் வரவேற்பறை ஜன்னலில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காப்பி ஆறும்வரை பார்த்தார்.

"ஆறு எங்க?" என்றார்.

"அதோ தெரியுதே குடிசை, அதுக்குப் பின்னாடி போகுது," என்றார் துரை.

"தப்பு. முன்னாடி போகணும். அதுவும் இப்படிக் கோடு கிழிச்ச மாதிரி போகக் கூடாது. கொஞ்சம் யோசிச்சு, தயங்கி, திரும்பிப் பார்த்துப் போகணும்."

ஆற்றை யோசிக்க வைப்பதற்குத்தான் அந்த அறுபது ஆட்கள். குடிசைக்குக் கிழக்கே, மாளிகைக்கு எதிரே, இரண்டு வளைவு வைத்துப் புதுவாய்க்கால் வெட்டினார்கள். பழைய ஆற்றின் வாயில் மண்கரை போட்டு அடைத்து, பள்ளத்தைத் தூர்த்து, புல் பதித்து, ஆடு விட்டார்கள். மூன்றாம் வருஷம் வந்த விருந்தாளிகள், "ஆஹா, இயற்கை எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறது!" என்றார்கள். லாஸ்கம் தலை குனிந்து நன்றி சொன்னாராம்.

குழம்பியது டார்கஸ் மட்டுமல்ல. பழைய ஆறு இருந்த புல்வெளியில் ஒரு நாரை பதினோரு வாரம் ஒற்றைக் காலில் நின்றது. சத்தியம். பன்னிரண்டாம் வாரம் ஒரு புழுவைத் தின்றுவிட்டு, மானம் போன மாதிரிப் பறந்துபோயிற்று. ஒரு விலாங்கு பனியில் நனைந்த புல்வழியே ஊர்ந்து வந்து, டார்கஸ் வாசலில் தலையைத் தூக்கி வழி கேட்டதாம். "நீ என்ன சொன்ன?" என்று கேட்டவர்களிடம் அவள், "எனக்கே வழி தெரியல, அதுக்கு என்னத்தச் சொல்ல? பிடிச்சு ஜேபஸ் கையில குடுத்துட்டேன்," என்பாள்.

குடிசையை இடிக்காததற்குக் காரணம் துரைசானி. ஜன்னலிலிருந்து பார்க்க அது பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு நிபந்தனை: தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, விருந்தாளிகள் தேநீர் குடிக்கும் நேரத்தில், டார்கஸ் அடுப்பில் ஈரச் சுள்ளி போட்டுப் புகை எழுப்ப வேண்டும். நீலப் புகையாக இருந்தால் விசேஷம். அவளும் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுப்பினாள்.

இந்த ஜேபஸ் டக் விலாங்கு பிடிக்கிறவன். அறுபத்தொரு வயது. நெட்டையாக, எப்போதும் பாதி நனைந்தே இருப்பான். பென்ஃபீல்ட் பக்கத்து மேட்டில் அவன் வீடு. டார்கஸ் முடைகிற பறிகளை அவன்தான் வாங்குவான். அவள் புருஷன் மண்ணுக்குள் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. முன்பெல்லாம் ஜேபஸ் புல்வெளி வழியாகக் கைவீசி நடந்து வருவான். இப்போது படகில் வர வேண்டியிருந்தது. அவனும் வீடு மாறவில்லை, அவளும் மாறவில்லை. ஆனாலும் நடுவில் ஓர் ஆறு.

ஓர் அக்டோபர் மாதம், முடைந்த பறிகளைப் படகில் ஏற்றிக்கொண்டே அவன் சொன்னான்: "இன்னொரு பனிக்காலத்தத் தனியாத் தாங்க மாட்டேன், டார்கஸ்."

"ரெண்டு கம்பளி போத்திக்க."

"கம்பளி வாயத் திறந்து பேசாதே."

"நானும் ரொம்பப் பேச மாட்டேன். ஏச மட்டும்தான் செய்வேன்."

"அது போதும்," என்றான் ஜேபஸ். இப்படியாக, ஐம்பத்து நாலு வயதில் டார்கஸுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

கல்யாணம் என்றால் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாரும் இன்னாரும் கட்டிக்கொள்ளப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பாதிரியார் சபை நடுவே படிப்பார். அதுவும் அவரவர் சேகரத்துக் கோயிலில், அதாவது குடியிருக்கும் ஊர்ச் சபையின் கோயிலில், படிக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டிய கட்டு செல்லாது என்று பத்து வருஷம் முன்புதான் பார்லிமென்டில் சட்டம் போட்டிருந்தார்கள். பணக்காரர்களுக்கு வேறு வழி உண்டு. விலாங்கு பிடிக்கிறவனுக்கு இல்லை.

இருவரும் பென்ஃபீல்ட் பாதிரியார் பிம்மிடம் போனார்கள். கூடவே கோபிட் உட்கார்ந்திருந்தார். ஊர் ரொட்டிக்கடைக்காரர், சேகரத்தின் ஏழைகளுக்குப் படியளக்கும் விசாரணையும் அவர் கையில். தான் சுட்ட ரொட்டியில் பாதியைத் தானே தின்ற உருவம்.

"ஜேபஸுக்கு வாசிக்கலாம். நம்ம ஆளு," என்றார் பிம். "ஆனா நீ ஆத்துக்கு அந்தப் பக்கம்ல இருக்கே அம்மா?"

"ஐயா, நான் நகரவே இல்லையே. ஆறுதான் நகர்ந்துச்சு."

கோபிட் விரலை நீட்டினார். "நம்ம எல்லை எது? ஆத்தோட நடு. இங்கேருந்து பார்த்தா ஆறு முதல்ல வருதா, உன் வீடு முதல்ல வருதா?"

"ஆறு."

"அப்ப நீ டில்கம். நாளைக்கு இவன் ஆத்துல விழுந்து போயிட்டான்னு வை, உனக்கு யாரு ரொட்டி போடறது?"

"நான் இன்னும் விழலியே, கோபிட்டு," என்றான் ஜேபஸ்.

"அறுபத்தொண்ணுல எல்லாரும் விழற ஜாதிதான்பா."

டில்கமுக்கு டார்கஸ் தனியாக நடந்தாள். பழைய ஆறு இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு கடந்தாள். பாதி தூரம் போன பிறகுதான் காலடியில் புல் என்று உறைத்தது. அங்கே பாதிரியார் ஹாட்டன், எலும்பாக ஒரு கிழவர், பெட்டியைத் திறந்து பழைய தோல்சுருள் ஒன்றை எடுத்து விரித்தார்.

"எல்லை ஆத்தோட நடுன்னுதான் எழுதியிருக்கு. எந்த ஆறு? எழுதின அன்னைக்கு ஓடின ஆறு. அது உன் வீட்டுக்கு மேக்க ஓடுச்சு. அப்ப நீ பென்ஃபீல்ட்."

"அந்த ஆறு இப்ப இல்லையே, ஐயா."

"தோல்ல இருக்கே," என்று சுருளைத் தட்டிக் காட்டினார்.

டார்கஸ் வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு முன்னால் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். ஜேபஸ் படகைக் கட்டிவிட்டு வந்து கேட்டான்.

"என்ன சொன்னாரு?"

"நான் அங்கயும் இல்லியாம்."

"அப்ப எங்க இருக்க?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன். கையைக் கிள்ளிப் பார்த்தேன், வலிக்குது. வலிக்கிற இடம் எந்தச் சேகரம்னு தெரியல."

ஆறு போன போக்கே போக்கு, அரசன் சொன்னதே தீர்ப்பு என்பார்கள். ஆறும் தன் போக்கில் போகாமல், அரசனும் எட்டாத தூரத்தில் இருந்தால் அவள் என்ன செய்வாள்? அந்தப் பனிக்காலம் முழுக்க அவளுக்குத் திசையே பிடிபடவில்லை. முன்பு சூரியன் தண்ணீரில் விழுந்து மறையும். இப்போது தண்ணீரிலிருந்து எழுந்தது. விடிகிறதா, இருட்டுகிறதா என்று இரண்டு தடவை தப்புக் கணக்குப் போட்டு, காலையில் ராத்திரி ஜெபத்தைச் சொன்னாள். காதோரம் தண்ணீர்ச் சத்தம் கேட்காமல் தூக்கம் வரவில்லை என்று கட்டிலை இப்படித் திருப்பினாள். திருப்பினால் தலை சுற்றுகிறது என்று மறுபடி அப்படித் திருப்பினாள்.

மார்ச் மாதத்தில் இன்னொன்று நடந்தது. அவள் சுள்ளி பொறுக்கப் போன இடத்தில் பென்ஃபீல்ட் ஆட்கள், "இது எங்க பொதுக்காடு, நீ டில்கம்," என்று விரட்டினார்கள். டில்கம் காட்டுக்குப் போனாள். "நீ பென்ஃபீல்ட்," என்று அவர்களும் விரட்டினார்கள். சுள்ளி இல்லை, நாலு மணிக்குப் புகை இல்லை.

மாளிகை ஜன்னலில் துரைசானி கோப்பையைக் கீழே வைத்தாள். "எவரார்ட், அந்தக் குடிசை செத்துப்போச்சு."

துரை ஆள் அனுப்பி விசாரித்தார். டார்கஸ் வந்தவனிடம், "துரைசானிக்குச் சொல்லு, தம்பி. நான் எந்த ஊருன்னு தெரிஞ்சாத்தான் எந்த ஊர்ச் சுள்ளின்னு தெரியும். சுள்ளி தெரிஞ்சாத்தான் புகை," என்றாள். ஆற்றைப் புரட்டிப் போட்டபோது எல்லையைப் பற்றி நினைக்காத துரைக்கு, புகை நின்றதும் எல்லை ஞாபகம் வந்தது. மே மாதத்தில் பயிரை ஆசீர்வதிக்கும் வாரத்தில் ஒவ்வொரு சேகரமும் கையில் வில்லோ மரக் கம்போடு தன் எல்லையைச் சுற்றி வரும் அல்லவா? எல்லைக் கல்லைக் கம்பால் அடிப்பார்கள், பாதிரியார் சங்கீதம் வாசிப்பார், வழியில் பியரும் பாலாடைக்கட்டியும் கிடைக்கும். இந்த வருஷம் இரண்டு சேகரமும் ஒன்றாக நடந்து, டார்கஸ் யாருடையவள் என்று அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின ஒன்பது நாளும் மழை. எப்பேர்ப்பட்ட மழை என்றால், பென்ஃபீல்ட் கோபுரத்தில் காற்றுத்திசை காட்டும் சேவல்பொம்மைக்குச் சளி பிடித்தது. எட்டாம் நாள் லாஸ்கமின் மண்கரை உடைந்தது. ஆற்றுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பழைய பள்ளத்தைக் கண்டுபிடித்து, புல்லைப் பாய்போலச் சுருட்டித் தள்ளிக்கொண்டு, குடிசைக்கு மேற்கேயும் ஓட ஆரம்பித்தது. புதுவாய்க்காலையும் விடவில்லை. பத்தாம் நாள் காலையில் டார்கஸ் மேற்கு வாசலைத் திறந்தாள், தண்ணீர். கிழக்கு வாசலைத் திறந்தாள், அங்கும் தண்ணீர். இரண்டு கதவையும் சாத்திவிட்டு, மெதுவாக மறுபடி திறந்து பார்த்தாள்.

பென்ஃபீல்ட் கூட்டம் கிழக்குக் கரையில் நின்றது. டில்கம் கூட்டம் மேற்குக் கரையில். ஜேபஸ் தன் படகில் இரண்டு பாதிரியாரையும் கோபிட்டையும் ஏற்றி வந்தான். கோபிட் உட்கார்ந்த பக்கம் படகு தண்ணீரைக் குடித்தது.

குடிசைக்குள் நுழைந்ததும் ஹாட்டன் சுருளை விரித்தார். "ஆத்தோட நடு. இப்ப ஆறு எது?"

"ரெண்டும்தான்," என்றார் பிம்.

"அப்ப நடு?"

எல்லோரும் அடுப்பைப் பார்த்தார்கள். கயிறு வைத்து இரண்டு கரையிலிருந்தும் அளந்தார்கள். நடுக்கோடு குடிசைக்குள்ளேயே வந்தது: வடக்கு ஜன்னலில் நுழைந்து, அடுப்பை இரண்டாகப் பிளந்து, தெற்குச் சுவருக்குப் போயிற்று. பிம் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டார். எல்லை வீட்டுக்குள் போனால் ஊர்வலமும் போக வேண்டும் என்பது மரபு. ஆக, ஊர்வலத்துக்குப் பதிலாகக் கோபிட் வெளியே போய் ஜன்னல் வழியாக ஏறி வர வேண்டியதாயிற்று. முதல் பாதி டில்கமுக்கும் இல்லாமல் பென்ஃபீல்டுக்கும் இல்லாமல் உள்ளே தொங்கியது; பின்பாதியை ஜேபஸ் வெளியே நின்று தள்ளினான்.

"மெதுவாடா!"

"மூச்ச உள்ள இழு, கோபிட்டு. காலையில எத்தனை ரொட்டி தின்ன?"

டார்கஸ் எல்லோருக்கும் பியர் ஊற்றினாள். ஊற்றும்போது கோட்டின்மேல் நின்றாள். ஒரு கால் இந்தச் சேகரம், மறு கால் அந்தச் சேகரம்.

"வீடு ரெண்டு சேகரத்துலயும் இருந்தா, படுக்கை எங்க இருக்கோ அதுதான் ஆள் இருக்கிற சேகரம்," என்றார் ஹாட்டன். "எங்க பெரியப்பா காலத்துலயே அப்படித்தான் தீர்த்தாங்க."

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். அது அந்தச் சின்ன வீட்டில் வேறு இடமில்லாமல் கிழக்கு மேற்காகக் கிடந்தது. சுண்ணாம்புக் கோடு அதன் நட்டநடுவே அடியில் புகுந்து வெளியே வந்தது.

"அப்போ தலை," என்றார் பிம். "தலைதான் பிரதானம். தலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அம்மா, நீ எந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கற?"

கோபிட் ஜன்னலருகே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். டார்கஸ் கட்டிலையே பார்த்தாள். தன் கல்யாணம் முழுவதும் அந்த இரண்டு தலையணை முனைகளுக்கு நடுவே கிடக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. ஆனால் பதில் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. பனிக்காலம் பூராவும் இப்படியும் அப்படியும் திருப்பியதில் எது கடைசி என்று மறந்துவிட்டது.

"படுத்துப் பார்த்தாத்தான் தெரியும், ஐயா."

இரண்டு பாதிரியார்களும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டார்கஸ் செருப்போடு மேற்கே தலை வைத்துப் படுத்தாள். சரியாக இருந்தது. எழுந்து கிழக்கே தலை வைத்துப் படுத்தாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு மாதிரி அவள் அந்தக் கட்டிலில் புரண்டாள். அவளுக்கோ இரண்டில் எது தலை, எது வால் என்றே தெரியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தெரியல, ஐயா. ரெண்டுமே என் பக்கம் மாதிரித்தான் இருக்கு."

"தெரியலைன்னா தீர்ப்பு இல்ல," என்றார் கோபிட் அவசரமாக. "அடுத்த வருஷம் பார்ப்போம்."

அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து, முழங்கால் தண்ணீரில் நின்றபடி, ஜேபஸ் சொன்னான்: "கிழக்க. மேக்க வச்சாக் குறட்டை விடுவா."

ஹாட்டன் சுருளைச் சுருட்ட ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பிம்மின் முகம் காலர்ப் பட்டையிலிருந்து நெற்றிவரை படிப்படியாகச் சிவந்தது. கோபிட்டின் கையில் பியர்க் குவளை சாய்ந்து வழிந்தது.

"ஜேபஸ் டக்," என்றார் பிம், மிகவும் மெதுவாக. "உனக்கு எப்படித் தெரியும்?"

ஜேபஸ் குனிந்தான். தண்ணீரைப் பார்த்தான்.

"கிழக்குன்னா பென்ஃபீல்ட்!" என்று ஹாட்டன் துள்ளினார். அந்த வயதில் அவர் துள்ளி நான் கேள்விப்பட்டதில்லை. "உங்க சபை, பிம். உங்க மானம். எங்க டில்கம்ல இப்படியெல்லாம் கிடையாது."

"ஒரு நிமிஷம்," என்றார் கோபிட். "காலும் ஆள்தானே? காலு டில்கம்ல..."

"கோபிட்!" என்றார் பிம். "இவங்களுக்கு இந்த ஞாயித்துக்கிழமையே ஓலை வாசிக்கலைன்னா, வர்ற ஞாயிறு ஊரே வாசிச்சிடும். பேசாம அந்த ஜன்னல் வழியா வெளிய போங்க."

"வாசல் வழியாப் போகக் கூடாதா?"

"எல்லை ஜன்னல்லதான் இருக்கு."

அந்த ஞாயிறே பென்ஃபீல்ட் கோயிலில் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஞாயிறு கூட்டம் நிற்க இடமில்லை, டில்கமிலிருந்துகூட வந்திருந்தார்கள். மூன்றாம் ஞாயிறு, "தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்," என்று பிம் நிமிர்ந்தபோது கோபிட் தொண்டையைச் செருமினார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் ஒரு தும்மல் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

லாஸ்கம் அதற்குள் ஓடி வந்து மண்கரையை மறுபடி கட்டிவிட்டார். ஆறு மறுபடியும் துரைசானி ஜன்னலுக்கு முன்னால் யோசித்து, தயங்கிப் போயிற்று. டார்கஸுக்கு மறுபடியும் திசை குழம்பிற்று. கல்யாணத்தன்று காலையில் படகில் ஏறாமல் மேற்கே நடந்து, டில்கம் வேலிவரை போய்விட்டாள். அவளைத் திருப்பிக்கொண்டு வந்து கோயிலில் நிறுத்துவதற்குள் மணி பதினொன்று.

கையெழுத்துக்குப் பதில் ஆளுக்கொரு கீறல் போட்டுவிட்டு, இருவரும் கல்லறைத் தோட்டத்து வழியாகப் படகுக்கு நடந்தார்கள். பின்னால் வந்தவர்கள் சற்றுத் தூரத்தில் இருக்கும்போது டார்கஸ் நின்றாள்.

"ஜேபஸ்."

"ம்."

"நான் நெசமாவே குறட்டை விடுவேனா?"

ஜேபஸ் படகின் கயிற்றை அவிழ்த்தான். அவளுக்குக் கை கொடுத்து ஏற்றினான்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். "இன்னைக்கு ராத்திரி கேட்டுச் சொல்றேன்."